துத்தநாகம்

அயோத்தியாப்பட்டணம் ரயில்வே கேட் மூடிக்கொண்டிருந்ததை ராசப்பன் கவனிக்கவில்லை. கிளீனர் சடையன் அவன் தோளைப் பிடித்து உலுக்கிக் கத்திய பிறகுதான் பிரேக்கை மிதித்தான். பட்டப்பகல். கேட்காரர் சிவப்புக் கொடியை அவன் முகத்துக்கு நேரே ஆட்டித் திட்டிக்கொண்டிருந்தார். ராசப்பனுக்கு அது துவைத்துத் துவைத்து வெளுத்துப்போன பழந்துணி மாதிரித் தெரிந்தது. கண் அசந்துவிட்டது என்று சடையனிடம் சொல்லிச் சமாளித்தான். வீடு போய்ச் சேரும்வரை ஒவ்வொரு வண்டியின் பின்விளக்கையும் உற்று உற்றுப் பார்த்துக்கொண்டே ஓட்டினான்.

சில மாதங்களாகக் காசநோய்க்கு ஆஸ்பத்திரி மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இருமல் நின்றுவிட்டது, சட்டை மறுபடி உடம்பில் ஒட்டத் தொடங்கியிருந்தது. நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் வயல்களுக்கு நடுவே நாலைந்து வீடுகளாக அவர்கள் இருந்த காட்டுவளவில் நோய் விஷயம் வெளியாள் யாருக்கும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டது அவன் அம்மா வள்ளியாத்தாள். தம்பி கந்தவேலுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கந்தவேல் பெங்களூரில் ஆராய்ச்சிப் படிப்பில் இருந்தான். மானாவாரி நிலத்தை வைத்துக்கொண்டு அவனை அவ்வளவு தூரம் படிக்கவைக்க முடியாது; ராசப்பன் லாரி ஏறியதால்தான் அது நடந்தது. அண்ணனுக்கு என்ன நோய் என்று கந்தவேலுக்குத் தெரியும். பெண் விஷயமாக ஊருக்கு வந்த அன்று வாசலில் நின்றபடியே நலம் விசாரித்துவிட்டு, உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றித் துவைக்கப் போட்டான்.

திருச்செங்கோட்டிலிருந்து பெண் வீட்டார் வந்தபோது ராசப்பனை மாட்டுக் கொட்டகைப் பக்கம் இருக்கச் சொல்லிவிட்டாள் அம்மா. கேட்டால், லோடு ஏற்றிப் போயிருக்கிறான் என்று சொல்வதாக ஏற்பாடு. சுவருக்கு இந்தப் பக்கம் எருமைக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டே அவன் எல்லாவற்றையும் கேட்டான். மாப்பிள்ளை என்ன ஆராய்ச்சி செய்கிறார் என்று பெண்ணின் அப்பா விசாரித்தார்.

"கண்ணுக்குள்ள ஒரு செல்லு பக்கத்துச் செல்லுக்குச் சேதி சொல்லுமுங்க," என்றான் கந்தவேல். "அந்தச் சேதிய வாங்கிக்கறதுக்குன்னு ஒரு எடம் இருக்குது. துத்தநாகம் மாதிரி உலோகம் அங்க துளி கூடினாலும் கொறைஞ்சாலும் சேதிய வாங்கற விதமே மாறிப் போயிருமுங்க. மீனு கண்ண எடுத்து வச்சு அதத்தான் அளந்துட்டிருக்கறேன்."

மனுசனுக்கும் அப்படி ஆகுமா என்று அவர் கேட்டார். ஆகலாம் என்று கந்தவேல் உற்சாகமாக விளக்கினான். உடம்பிலிருக்கும் துத்தநாகத்தைப் பிடித்துக்கொள்கிற மருந்துகள் உண்டு. காசநோய்க்குக் கொடுக்கிற மாத்திரை ஒன்றை அப்படித்தான் சந்தேகப்படுகிறார்கள். சிலருக்கு முதலில் சிவப்பும் பச்சையும் மங்கும், அப்போதே நிறுத்திவிட்டால் பெரும்பாலும் திரும்பிவிடும். பெண்ணின் அப்பா வாய்விட்டு வியந்தார். கொட்டகையில் ராசப்பன் கையிலிருந்த தட்டை எருமை பிடுங்கித் தின்றது.

அவர்கள் காரிலேயே கந்தவேலும் பெங்களூர் பஸ் பிடிக்கக் கிளம்பிப் போய்விட்டான். ராசப்பன் முன்வாசலுக்கு வந்தபோது புழுதிதான் இருந்தது. தன் கண்ணில் நடப்பதை அன்று சாயங்காலம் அம்மாவிடமும் மனைவி சௌந்திரத்திடமும் சொன்னான். நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று சௌந்திரம் அழுதாள். வள்ளியாத்தாள் மாத்திரைப் பொட்டலத்தை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"மாத்திரைய நிறுத்தி மறுக்கா இருமல் வந்துச்சுன்னா, பந்தல்ல எப்புடி சாமி நிப்ப? தாலி ஏறட்டும். அப்பறம் பாத்துக்கலாம்."

அவளைக் குற்றம் சொல்லி என்ன ஆகப் போகிறது. ராசப்பனுக்கே பந்தலில் நிற்க ஆசையாக இருந்தது. தான் ஓட்டிய லாரிக் காசில் படித்தவனின் கல்யாணத்தில், மாப்பிள்ளையின் அண்ணன் என்று நாலு பேர் கைகூப்ப வேண்டும். அவன் மாத்திரையை விழுங்கிக்கொண்டே இருந்தான்.

முகூர்த்தத்தில் பெண்ணின் அரக்கு நிறப் பட்டுப்புடவையை எல்லோரும் மெச்சினார்கள். ராசப்பனும் தலையாட்டினான். பந்திக்கு வந்தவர்களைக் குரலை வைத்தே முறை சொல்லி வரவேற்றான். கல்யாணம் முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்தார். ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று சலித்துக்கொண்டு அந்த ஒரு மாத்திரையை நிறுத்தினார். ஆனால் மங்கல் நிற்கவில்லை. லாரி வேறு டிரைவர் கைக்குப் போனது. சௌந்திரம் ஜவ்வரிசி செய்யும் சேகோ பேக்டரிக்குக் கிழங்கு உரிக்கப் போனாள்.

சித்திரையில் கந்தவேல் மட்டும் வந்தான். இந்த முறை அண்ணனுக்கு எதிரிலேயே கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தான். பெங்களூருக்கு வந்தால் நல்ல கருவிகளை வைத்து அண்ணன் கண்ணைச் சோதிக்கலாம் என்றான். மீன் கண்ணில் பார்த்ததை ஒரு மனிதன் வாயால் சொல்லக் கேட்பது அபூர்வம், தன் பேராசிரியரும் ஆவலாக இருக்கிறார் என்றான். பையிலிருந்து வண்ண நூல்கண்டுகளை எடுத்துக் கட்டிலில் பரப்பினான். ஒரே நிறமாகத் தெரிகிறவற்றைச் சேர்த்து வைக்கச் சொன்னான்.

ராசப்பன் நூல்களைத் தொடவில்லை.

"அன்னைக்கு அவங்ககிட்டச் சொன்னியே ஒரு மாத்திர. அதத்தான் நான் முழுங்கிட்டிருந்தேன்னு ஒனக்குத் தெரியுமா?"

கந்தவேல் ஒரு நூல்கண்டைக் கையில் எடுத்தான். வாசலில் கோழி ஒன்று கிளறிக்கொண்டிருந்தது.

"நீங்க எந்த மாத்திர சாப்படறீங்கன்னு நான் கேக்கவே இல்லீங்ணா."

ராசப்பன் தம்பியின் முகத்தை நேராகப் பார்த்தான். பார்த்த இடத்தில் முகம் இல்லை. புகை அடைத்தாற்போல ஒரு வட்டம் இருந்தது. மெல்லத் தலையைத் திருப்பி வேலியைப் பார்த்தான். அப்போது ஓரத்தில் தம்பி கொஞ்சம் தெரிந்தான். ஒரு காது, சட்டைக் காலர், நூலை நீட்டியபடி காத்திருக்கும் ஒரு கை.