அன்பளிப்பு வழங்கியவர்

துபாய் சத்வாவில் ஒரு பள்ளிக்கூட ஹால். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தேழாம் வருஷப் பொங்கல் விழா. மேடையில் தெம்மாங்கு பாடிக்கொண்டிருந்த ராக்கம்மாவின் ரவிக்கையில், தமிழ்ச் சங்கச் செயலாளர் முத்துராமன் நூறு திர்ஹம் நோட்டை ஊக்கால் குத்தினான். குத்திய கை உடனே இறங்கவில்லை. விரல்கள் அங்கேயே கொஞ்ச நேரம் மேய்ந்தன.

சீ! இதற்கா கடல் தாண்டி வந்தாள்? பன்னிரண்டு வயதில் பரமக்குடிப் பக்கத்துத் திருவிழாக்களில் பாட ஆரம்பித்தவள். எத்தனையோ குடிகாரக் கைகளைத் தட்டிவிட்டிருக்கிறாள். நாலு ஊரில் பெயர் எடுத்த பிறகுதான் மேடையில் ஒரு தாம்பாளத்தை வைத்து, "அன்பளிப்ப இதுல போடுங்க, மேல கை வைக்காதீக" என்று கறாராகச் சொல்ல முடிந்தது. இங்கேயும் தாம்பாளம் இருந்தது. பின்னால் நின்ற கேம்ப் ஆட்கள், சைட்டில் மண் சுமக்கிறவர்கள், "இந்தாங்கக்கா" என்று அதில் போட்டுவிட்டு ஒதுங்கிப் போனார்கள். கோட்டுப் போட்ட எஞ்சினியர், படித்த மகராசன், இவனுக்குத்தான் தாம்பாளம் கண்ணில் படவில்லையாம்! முன்வரிசைக்காரர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். அவன் பெண்டாட்டி ஷியாமளாவும் சிரித்தாள்.

டோலக் வாசித்துக்கொண்டிருந்த வைரவன், ராக்கம்மாவின் புருஷன், அவள் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டான்.

"பொறுத்துக்கடி. அடுத்த வாரம் குவைத்துல, ஃபஹாஹீல் கச்சேரி இந்தாளு சொன்னாத்தான் நடக்கும். பாஸ்போர்ட்டும் அவர்கிட்டத்தான் கெடக்கு. பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பேரைச் சொல்லிரு."

பேர் சொல்வது கச்சேரி வழக்கம். யார் தந்தார், என்ன தந்தார் என்று மைக்கில் சொல்லிவிட்டுத்தான் அடுத்த பாட்டு. அதைக் கேட்கத்தான் முத்துராமன் இளித்துக்கொண்டு மேடையிலேயே நின்றான். அவன் தொட்டதைவிடக் கட்டினவன் சொன்னதுதான் அவளுக்கு அதிக அருவருப்பாக இருந்தது. த்தூ, என்ன பிழைப்பு இது!

மைக்கைப் பிடித்தாள்.

"சங்கச் செயலாளர் அண்ணன் முத்துராமன், நூறு திர்ஹம். தாம்பாளத்துல போடாம என் நெஞ்சுல குத்துனாக. குத்துன கைய எடுக்க மனசில்லாம அஞ்சு வெரலாலயும் தடவிப் பார்த்தாக. அண்ணனுக்கு நன்றி!"

பின்வரிசையிலிருந்து ஒருவன், "அப்படிப் போடுக்கா!" என்று விசிலடித்தான். முத்துராமன் முகத்தில் ஈயாடவில்லை. ஷியாமளா விருட்டென்று எழுந்தாள். புருஷனைத்தான் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கப்போகிறாள் என்று ராக்கம்மா நினைத்தாள்.

"இந்தக் கேடுகெட்டவளையெல்லாம் யாரு கூப்பிடச் சொன்னா? இவதான் இளிச்சு இளிச்சு அவரை இழுத்திருப்பா!"

வைரவன் டோலக்கை உறையில் போட்டுக் கட்டினான். "போச்சு, ஃபஹாஹீல் போச்சு" என்று முனகினான்.

ராக்கம்மா ஊக்கைக் கழற்றி, நோட்டை முத்துராமனின் காலடியில் எறிந்தாள். மைக்கை விடவில்லை.

"'கேடுகெட்டவ'ன்னு ஒரு பட்டம். இந்த அன்பளிப்பை வழங்கியவர் அண்ணி ஷியாமளா. அண்ணிக்கும் நன்றி!"

டோலக் இல்லாமலே அடுத்த பாட்டை எடுத்தாள்.