ஒலி பதியாத ஒரு நிமிடம்

என் புருஷனின் முகத்தைக் கொஞ்சம் பெரிதாகப் பார்க்கலாம் என்றுதான் அந்த டேப்லெட்டை வாங்கினேன். கையிலிருந்த போனின் திரையில் விரிசல் விழுந்து, அவர் மூக்கு ஒரு பக்கமும் வாய் ஒரு பக்கமுமாகத் தெரிந்தது. நாலு வருஷமாகச் சீனாவில், குவாங்சோவில் இருக்கிற மனிதரை இப்படித் துண்டு துண்டாகப் பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது.

என் புருஷன் ஜும்பே போகும்போது ஒரு வருஷம் என்றுதான் சொன்னார். கரியாக்கோ சந்தை வியாபாரிகள் அங்கே வாங்கும் சரக்கையெல்லாம் சேர்த்துக் கட்டிக் கப்பலில் ஏற்றி இங்கே தாருஸ்ஸலாமுக்கு அனுப்புவது அவர் வேலை. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் கூப்பிடுவார். எடுத்தவுடன், "மோஸா அம்மா, என்ன வேணும்?" என்று கேட்பார். கூரைக்குத் தகரம் என்பேன். மகள் மோஸாவுக்குப் பள்ளிக்கூடச் சட்டை என்பேன். கேட்டது எல்லாம் வந்து சேரும், அதில் குறையே சொல்ல முடியாது.

நீங்கள் வேண்டும் என்று மட்டும் நான் ஒருநாளும் கேட்டதில்லை. எங்கள் தண்டாலே தெருவில் புருஷனை வரச்சொல்லிப் போனில் அழுத ஒருத்தியை, இன்னமும் கல்யாண வீடுகளில் பாட்டுக்கட்டிக் கேலி செய்கிறார்கள். அந்தப் பாட்டுக்கு நானே கை தட்டியிருக்கிறேன். அது மட்டுமல்ல. நான் கேட்டு, அவர் "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டால்? கேட்காமல் இருக்கும்வரை, கேட்டால் வந்துவிடுவார் என்றாவது நினைத்துக்கொண்டு படுக்கலாம். எனக்கு அந்தப் பயம்தான் பெரிது.

தெருமுனையில் மரவள்ளியும் மீனும் பொரித்து விற்கிறேன். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த காசில், முனைக்கடை பாஸியிடம் சொல்லி அந்த டேப்லெட்டை வரவழைத்தேன். பாஸி போன் ரிப்பேர் செய்கிறவன். சீனாவில் ஷென்செனில் ஒரு ஆன்லைன் கடை, விலை மலிவு, நட்சத்திரமெல்லாம் நிறையப் போட்டிருக்கிறார்கள் அக்கா என்றான். நட்சத்திரத்தை வைத்து யாருக்கு என்ன லாபம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. அவர் முகம் முழுசாக, உள்ளங்கை இரண்டையும் சேர்த்து வைத்த அகலத்துக்கு வந்து நின்றது. தாடியில் நரை. இது எப்போது விழுந்தது என்று கேட்டேன். "ஹலோ, ஹலோ, மோஸா அம்மா, ஒண்ணுமே கேக்கலையே" என்றார். நான் கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து யார் செத்தார்கள் என்று விசாரித்தாள். அவர் பேசுவது எனக்குக் கணீரென்று கேட்டது. நான் பேசுவதுதான் அவருக்குப் போய்ச் சேரவில்லை. நாலு வருஷமாக ஓசியில் நடந்துகொண்டிருந்ததை இப்போது காசு கொடுத்து வாங்கியிருந்தேன்.

மைக் செத்துவிட்டது என்றான் பாஸி. கடைக்கு எழுதினான். திருப்பி அனுப்புங்கள், முழுப்பணமும் தருகிறோம் என்று பதில் வந்தது. கூரியர் ஆபீசுக்குப் போய்க் கேட்டால், அங்கிருந்த பெண் டேப்லெட்டின் விலையைவிட அதிகமாக ஒரு தொகையைச் சிரிக்காமல் சொன்னாள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். நான் அவளையும் திட்டிவிட்டு வந்தேன், பாவம், அவள் என்ன செய்வாள்.

பாஸிதான் வழி சொன்னான். எப்படியாவது சீனாவுக்குள் போய்விட்டால் போதும், அங்கே ஊருக்கு ஊர் அனுப்ப ஒரு தட்டு சிப்ஸ் காசுகூட ஆகாது. கரியாக்கோவில் பிளாஸ்டிக் செருப்பு விற்கும் குருதும் அக்கா கொள்முதலுக்குக் குவாங்சோ போய்வருகிறவள். போகும்போது பெட்டி காலியாகத்தானே போகும். அவள் கொண்டுபோய் ஜும்பேயிடம் கொடுத்தால், அவர் அங்கிருந்து கடைக்கு அனுப்பிவிடுவார். கூலியாக ஒரு சட்டி பொரித்த மீன் பேசி முடித்தோம்.

"கெட்டுப்போன சாமான அங்க அனுப்பற. அங்க கெட்டுப்போய்க் கெடக்கற உன் புருஷன எப்படி இங்க கொண்டு வர்றது?" என்றாள் குருதும் அக்கா. "பெட்டியில எடம் இருந்தா மடிச்சு வெச்சுக் கொண்டாந்துடுவேன்டி."

நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் வேறு மாதிரி ஆகிவிடும்.

அதற்குள் கடைக்காரன் ஒரு நிபந்தனை வைத்தான். பழுது உண்மைதான் என்று காட்ட வேண்டுமாம். அந்த டேப்லெட்டிலேயே, அதன் முன்னால் உட்கார்ந்து ஒரு நிமிடம் பேசி வீடியோ எடுத்து அனுப்பு என்றான். என்ன பேசுவது என்று பாஸியிடம் கேட்டேன். எதை வேண்டுமானாலும் பேசு அக்கா, பாடு, திட்டு, ஒரு சத்தமும் பதியாது என்றான்.

மத்தியானம் மோஸா பள்ளிக்கூடத்தில் இருந்தாள். மாவு டின்னில் டேப்லெட்டைச் சாய்த்து வைத்து முன்னால் உட்கார்ந்தேன். ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்தேன். திரையில் என் முகம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. யாருக்கும் கேட்காது. எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை.

"தகரம் போதும்," என்றேன். "கூரை முழுக்கப் போட்டாச்சு. அதுக்குக் கீழ நானும் புள்ளையும்தான் இருக்கோம். மழை பெய்யறப்போ அந்தத் தகரம் போடற சத்தத்துல, நீங்க கதவைத் தட்டினாக்கூடக் கேக்காதோன்னு எழுந்து எழுந்து பாக்கறேன். படுக்கையில நீங்க படுக்கற பக்கத்துல, நீங்க போனதுலேருந்து நான் ஒருநாளும் படுத்ததில்ல. என்ன வேணும், என்ன வேணும்னு கேக்கறீங்களே, எனக்கு வேற எதுவும் வேண்டாம். வந்துடுங்க."

மேலே போர்த்தியிருந்த காங்கா துணியின் முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீடியோவை ஓட்டிப் பார்த்தேன். வாய் அசைந்தது, சத்தம் இல்லை. நிம்மதியாக இருந்தது. பாஸி அதை அனுப்பினான். பழுதை ஏற்றுக்கொண்டோம், குறிப்பிட்ட தேதிக்குள் சாமான் வந்து சேர வேண்டும் என்று பதில் வந்தது. டேப்லெட்டைப் பெட்டியில் வைத்து, ஒட்டுநாடாவால் எலிகூட நுழையாதபடி சுற்றிக் கொடுத்தேன்.

குருதும் அக்கா திரும்பி வந்ததும், ஜும்பேயிடம் கையிலேயே கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். ஆள் மெலிந்திருக்கிறாராம். என்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா என்று, மீனைத் திருப்பிப் போடுகிற சாக்கில் கேட்டேன்.

"மீன் இன்னும் அதே மாதிரிதான் பொரிக்கறாளான்னு கேட்டான்" என்றாள். அன்றைக்கு ஒரு சட்டி மீனைக் கருக்கிவிட்டேன்.

அதன்பிறகு வந்த வெள்ளிக்கிழமைகளில் அவர் பேச்சு சரியில்லை. அனுப்பியாச்சா என்றால், அனுப்பணும் என்பார். மோஸாவிடம் நிறையப் பேசினார். என்ன வேணும் என்ற கேள்வியை மட்டும் கேட்கவே இல்லை. ஒருநாள் பாஸி என் கடைக்கே வந்து, சாமான் போய்ச் சேரவில்லை, கெடு முடிந்துவிட்டது, இனிமேல் பணம் வராது என்றான்.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. வெள்ளிக்கிழமைவரை காத்திருக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே நின்று கூப்பிட்டேன். எத்தனை சட்டி எண்ணெயின் முன்னால் வெந்து சேர்த்த காசு தெரியுமா, ஒரு பெட்டியைத் தபாலில் போடக்கூட உங்களுக்கு நேரமில்லையா, ஊருக்கெல்லாம் சரக்கு அனுப்புகிற மனிதருக்குப் பெண்டாட்டியின் சாமான் மட்டும் கனத்துவிட்டதா என்று கேட்டேன். நான் மூச்சு வாங்கியபோதுதான் அவர் வாயைத் திறந்தார்.

"எங்க அனுப்பணும்னு கடைக்காரன்கிட்ட கேட்டப்போ, உள்ள இருக்கறதெல்லாம் அழிச்சுட்டு அனுப்பணும்னு எனக்குச் சொன்னான். அழிக்கத்தான் பெட்டியப் பிரிச்சேன்," என்றார். "அதுல நீ இருந்த."

வீடியோவை அழிக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, அந்தப் பாஸிப் பயலுக்கும் தோன்றவில்லை.

"அழிக்க மனசு வரல. இன்னைக்கு அழிக்கலாம், நாளைக்கு அழிக்கலாம்னு கெடு போயிடுச்சு. பணத்த நான் தந்துடறேன். அதுல என்ன சொன்ன, சோமோ?"

மோஸா பிறந்ததிலிருந்து அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"மைக் வேலை செய்யுதான்னு பாக்க ஒண்ணு ரெண்டு எண்ணினேன்" என்றேன்.

"ஒண்ணு ரெண்டு எண்ண எதுக்குடி அழணும்?"

தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரி வாசலில்தான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், காது இந்தப் பக்கம் இருந்தது. பாட்டுக் கட்டினால் கட்டட்டும்.

"வந்துடுங்க," என்றேன். "அதத்தான் சொன்னேன். வந்துடுங்க."

அடுத்த வருஷம் என்ற வார்த்தைக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. எதுவுமே வரவில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன், நேரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"கேக்குதா?" என்றேன்.

"கேக்குது," என்றார். "இன்னொரு தடவ சொல்லு."

சொன்னேன்.