விருந்தாளிக்கு உப்புத் தண்ணியா?

படச்சட்டக் கடையில் மிஞ்சிய கண்ணாடித் துண்டுகளை ஒட்டி ஜெய்னுலாப்தீன் செய்த தொட்டி ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. ராஜபாளையத்து நண்பர் கொடுத்த நான்கு ஆப்பிரிக்க சிக்லிட் மீன்கள் மஞ்சளும் நீலமுமாக அதற்குள் இறங்கியபோது அவர் கைதட்டிச் சிரித்தார்.

"இதுகளுக்கு உப்புக் கிணத்துத் தண்ணிதான் ஒத்துக்கும்" என்று நண்பர் சொல்லியிருந்தார். வீடு தேடி வந்த உயிருக்கு உப்புத் தண்ணியா என்று மனம் கேளாமல், மனைவி மாஜிதா குழாயடியில் காத்துநின்று பிடித்த நல்ல தண்ணீரைத்தான் ஜெய்னுலாப்தீன் தொட்டி நிறைய ஊற்றியிருந்தார். மறுநாள் மீன்கள் நிறம் மங்கி அடியில் கிடந்தன.

"பிரியாணி போடாததுதான் குறை" என்றாள் மாஜிதா.

அவர் பக்கத்து வீட்டு அய்யம்மாளிடம் ஓடினார். "அக்கா, உங்க கிணத்துத் தண்ணி ரெண்டு குடம் வேணும்."

"ஏ தம்பி, அதுல பருப்பே வேகாதே!" என்றவள், தானே இறைத்துத் தூக்கிவந்தாள்.

கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை மாற்றினார்கள். சாயங்காலம் மஞ்சள் மீன் விருட்டென்று மேலே பாய்ந்தது. மற்றவையும் பின்னால் ஓடின.

"அல்ஹம்துலில்லாஹ்!" ஜெய்னுலாப்தீன் துள்ளினார்.

அய்யம்மாளுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "எங்க கிணத்தை இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல தம்பி. இனிமே நானே கொண்டாரேன்."

மாஜிதா அவளுடைய வெறுங்குடத்தை வாங்கி, அன்று பிடித்த நல்ல தண்ணீரால் நிறைத்துக் கொடுத்தாள்.