பெரியக்கா எழுதிய பத்துக் கேள்விகள்

ஆறு வருடமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவளை எழுப்பி நிறுத்தி, "இந்த நாற்காலிக்கு ஆள் எடுக்கிறோம், இஷ்டமிருந்தா நீயும் வா" என்றால் எப்படி இருக்கும்? பெரியக்காவுக்கு வயிறு எரிந்தது.

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் இருக்கிறது அவளுடைய அறை. ஆபரேஷனுக்குப் போகும் கத்தி, கத்தரி, துணி எல்லாவற்றையும் கழுவி, பண்டலாகக் கட்டி, நீராவி மெஷினில் வைத்துக் கிருமி நீக்கி மேலே அனுப்ப வேண்டும். அது அவளுடைய அறை என்று ஆஸ்பத்திரியே சொல்லும், காகிதம் மட்டும் சொல்லாது. காகிதத்தில் அவள் வெறும் உதவியாளர். பழைய மேற்பார்வையாளர் ஓய்வு பெற்ற அன்று, "ஒரு மாசம் பார்த்துக்கம்மா" என்று நிர்வாக அதிகாரி சாவியை அவள் கையில் திணித்தார். அந்த ஒரு மாதம்தான் ஆறு வருடமாக இழுத்துக்கொண்டு கிடந்தது. ஏதாவது தப்பு நடந்தால் "எங்கே மேற்பார்வையாளர்?" என்று அவளைத் தேடி வருவார்கள். சம்பள நாளன்று மட்டும் அவள் உதவியாளர் ஆகிவிடுவாள்.

போன மாதம் அதிகாரி கூப்பிட்டனுப்பினார். என்றுமில்லாத திருநாளாக உட்காரச் சொன்னார்.

"போஸ்ட் சாங்ஷன் ஆயிடுச்சும்மா. இன்டர்வியூ வெச்சே ஆகணும், ரூல் அப்படி. கேள்வி கேக்கறதுக்கு உங்க வேலையைப் பத்தி எங்களுக்கு என்ன தெரியும்? நீங்களே பத்துக் கேள்வி, பதிலோட எழுதிக் குடுத்துடுங்க."

"நானும் அப்ளிகேஷன் போட்டிருக்கேனே சார். நானே எழுதலாமா?"

"அட, இதெல்லாம் சும்மா ஒரு ஃபார்மாலிட்டி. உங்களை விட்டா யாரும்மா?"

உங்களை விட்டா யாராம்! அதில் உச்சி குளிர்ந்துபோனாள், பைத்தியக்காரி. மூன்று நாள் மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு எழுதினாள். நல்ல வெள்ளைத்தாள் வாங்கி, ஓரத்தில் கோடு போட்டு, நீல மையில் முத்து முத்தாக எழுதினாள். எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி மகளிடம் நீட்டியபோது, "என்னம்மா, பரீட்சைக்குப் போறவளே பேப்பரும் செட் பண்றியா?" என்று அவள் சிரித்தாள். பெரியக்காவும் சேர்ந்து சிரித்தாள்.

நேர்காணலுக்கு முந்தின நாள் பத்து மணிக்கு அவள் அறைக்கு ஒருவன் வந்தான். முப்பது வயதிருக்கும். சலவைச் சட்டை, வாசலிலேயே மூக்கைத் துளைக்கும் சென்ட்.

"அக்கா, நான் ஆபீஸர் சாரோட அக்கா பையன். நாளைக்கு இந்த டிபார்ட்மென்ட்டுக்குத்தான் இன்டர்வியூ. மாமா ஒரு பேப்பர் குடுத்து மனப்பாடம் பண்ணச் சொன்னாரு. எல்லாம் வந்துடுச்சு, நாலாவது மட்டும் புரியலை. இங்க கேட்டா சொல்லுவாங்களேன்னு நானா வந்தேன்."

பாக்கெட்டிலிருந்து எடுத்துப் பிரித்தான். ஜெராக்ஸ். ஓரத்தில் அவள் போட்ட கோடு. ஏழாவது கேள்வியில் அவள் அடித்துத் திருத்திய இடம்கூட அப்படியே விழுந்திருந்தது. அவள் கையெழுத்தை அவளிடமே கொண்டுவந்து காட்டுகிறோம் என்பது அந்தப் புண்ணியவானுக்குத் தெரியாது.

பெரியக்காவுக்குக் காது இரண்டும் அடைத்தது. அடப்பாவிகளா! என் கையாலேயே எழுதி வாங்கி, என் கண்ணையே குத்தப் பார்க்கிறீர்களா?

"பண்டல்ல ஒட்டுற டேப்புல கோடு கறுத்திருக்கணும், துணியும் நல்லா காஞ்சிருக்கணும்னு போட்டிருக்கு" என்றான் அவன். "கோடு கறுத்தா மெஷின்ல வெந்து வந்துடுச்சுன்னு அர்த்தம், அது புரியுது. துணி காஞ்சா என்ன, காயலைன்னா என்னக்கா? அதை விட்டுடலாமா?"

விட்டுடு. அந்த ஒரு சொல் போதும், நாளைக்கு இவன் கதை முடிந்தது. அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அங்கேயே நின்றுவிட்டது. ஈரத் துணி வழியாகக் கிருமி உள்ளே போகும். நாளைக்கு இவனே சாவியை வாங்கிக்கொண்டு, பெரியக்கா சொன்னாளே என்று ஈரப் பண்டலை மேலே அனுப்பினால், யார் வயிற்றுக்குள்ளோ அது போய்ச் சேரும். பொய் சொல்லிப் பழிவாங்கக்கூட வழியில்லாத ஒரு வேலை. அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

"விடக்கூடாது. ஈரம் பட்ட பண்டல் பண்டலே இல்லை" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"தேங்க்ஸ்க்கா. எனக்கு இந்த வேலை சுத்தமா தெரியாது. அதனால என்ன, நீங்க எங்க போயிடப் போறீங்க? எனக்குக் கீழ இங்கதானே இருப்பீங்க. டவுட்னா உங்களையே கேட்டுக்கறேன்."

மரியாதையாகத்தான் சொன்னான். அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

வீட்டில் கணவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வாயை வெச்சுக்கிட்டு சும்மா இரு. இருக்கிறதும் போயிடும்" என்றான்.

"போகட்டும். அவனுக்கு நான் பாடம் சொல்லிக் குடுத்துக்கிட்டுக் கீழ நிப்பேன்னு நெனச்சியா? அவனுக்குக் குடுத்தா அன்னைக்கே சாவியை மேஜையில விட்டெறிஞ்சுட்டு வந்துடுவேன்."

இருபத்திரண்டு வருடம் குடும்பம் நடத்தியவனுக்கு, அவள் சொன்னால் செய்வாள் என்று தெரியாதா என்ன.

மறுநாள் அவள் நேர்காணலுக்குக் கைப்பையோடு போகவில்லை, ஒரு பெரிய துணிப்பையோடு போனாள். வராந்தாவில் அக்கா பையன் மலர்ந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தான்.

"பத்தும் கேட்டாங்கக்கா. பத்துக்கும் பதில் சொல்லிட்டேன்."

"நல்லா இரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

உள்ளே இரண்டு பேர். அதிகாரியும், அறுவை சிகிச்சை செய்யும் டாக்டரம்மாவும். டாக்டரம்மா தாளைப் பார்த்து முதல் கேள்வியைப் படித்தார்.

"அதுக்கு பதில் அடுத்த பக்கத்துல இருக்கு டாக்டர்" என்றாள் பெரியக்கா. "கேள்வியும் நான் எழுதினது, பதிலும் நான் எழுதினது. இதோட ஜெராக்ஸ் வெளியில உக்காந்திருக்கிறவர் பாக்கெட்டுல இருக்கு. சார் குடுத்தது."

"என்னம்மா பேசறீங்க?" என்று அதிகாரி எழுந்தார்.

"உள்ளதைத்தான் சார் பேசறேன். டாக்டர், பதினோராவதா ஒரே ஒரு கேள்வி இருக்கு. அது பேப்பர்ல இல்லை. அவரையும் கூப்பிடுங்க."

பையிலிருந்து இரண்டு பண்டல்களை எடுத்து மேஜைமேல் வைத்தாள். இரண்டிலும் டேப்பில் கோடு கறுத்திருந்தது. அதிகாரி வேண்டாம் என்று கை காட்டுவதற்குள் டாக்டரம்மா அவனை உள்ளே கூப்பிட்டுவிட்டார்.

"இதுல ஒண்ணு நல்லது, ஒண்ணு கெட்டது" என்றாள் பெரியக்கா. "எதை மேல அனுப்புவீங்க?"

அவன் கோட்டைப் பார்த்தான். தொட்டுப் பார்த்தான். இரண்டும் காய்ந்துதான் இருந்தன. மாமாவைப் பார்த்தான். மாமா ஃபைலைப் பார்த்தார்.

"சும்மா சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா. "நாளைக்குக் காலையில ஒருத்தர் வயித்தைத் திறந்து வெச்சுக்கிட்டு நான் காத்திருக்கேன். எதை அனுப்புவீங்க?"

"அக்காகிட்ட கேட்டுட்டுதான் அனுப்புவேன் மேடம்" என்றான் அவன்.

பெரியக்கா ஒரு பண்டலைத் தூக்கி அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். துணியில் வெளிறிய வட்டமாக ஒரு தண்ணீர்க் கறை.

"நனைஞ்சு அப்புறம் காஞ்சிருக்கு. நேத்து நான் தள்ளி வெச்சது. கோடு சொல்லாது, கையும் சொல்லாது. புரட்டிப் பார்த்தாதான் தெரியும். ஆறு வருஷமா டெய்லி புரட்டறேன் டாக்டர்." கறையை விரலால் தட்டிக் காட்டினாள். "இவர் என்னைக் கேட்டுக்கறேன்னு சொல்றாரு. நான் அங்க இருக்க மாட்டேன். அப்போ யாரைக் கேப்பாரு?"

டாக்டரம்மா பேனாவை மூடி அதிகாரி பக்கம் திரும்பினார்.

"சார், ரிசல்ட்டை நீங்க எழுதறீங்களா, நான் எழுதட்டுமா? இல்லை, அந்த ஜெராக்ஸைப் பத்தி முதல்ல எழுதட்டுமா?"

அதிகாரி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "எழுதிடலாம் மேடம், இப்பவே எழுதிடலாம். நான் ஆரம்பத்துலேர்ந்தே பெரியக்காவைத்தான் மனசுல வெச்சிருந்தேன். வாழ்த்துகள்மா."

பெரியக்கா நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? கெட்ட பண்டலையும் நல்ல பண்டலையும் பைக்குள் போட்டாள். கீழ் அறையை விட்டு வெளியே வந்துவிட்டதால் இனி இரண்டுமே திரும்ப மெஷினுக்குள் போக வேண்டியவை. பிறகு அதிகாரியின் முன்னால் கையை நீட்டினாள்.

"என் பேப்பரைக் குடுங்க சார்."

"எந்தப் பேப்பர்மா?"

"நான் சாப்பிடாம எழுதினது. ஜெராக்ஸும் வேணும்."

அக்கா பையன்தான் முதலில் பாக்கெட்டில் கையை விட்டான்.