மூன்று நாள் மாணவன்

கார்மேகம் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது ஒரு செவ்வாய்க்கிழமை மாலையில். துபாய் தேராவில், டிராவல்ஸ் கடை ஒன்றின் மாடியில் இருந்தது அந்த விளையாட்டு ஒளிபரப்பு நிறுவனத்தின் அலுவலகம். ராஸ் அல் கைமாவிலிருந்து அரை நாள் லீவு போட்டு வந்திருந்தார். பதினோரு பக்கமும் ஆங்கிலம். விஜயபாஸ்கர் பக்கத்தில் உட்கார்ந்து தாள்களைத் திருப்பித் திருப்பி, எங்கே போடவேண்டும் என்று விரலால் தொட்டுக் காட்டினார். எட்டாவது பக்கத்தில் கார்மேகத்தின் பேனா எழுதவில்லை. நிறுவனத்துப் பெண் தன் பேனாவைக் கொடுத்தாள்.

வெளியே வந்து இருவரும் டீ குடித்தார்கள். இனிமேல் வாலிபால் ஆட்டத்தைப் போனைக் கம்பியில் கட்டிப் படம் பிடிக்க வேண்டியதில்லை, மூன்று கேமரா வரும், ரீப்ளே வரும், ஊரில் இருப்பவர்கள் எல்லாம் டி.வி. மாதிரியே பார்க்கலாம் என்று விஜயபாஸ்கர் சொன்னார். கார்மேகத்துக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஏழு வருடத்துக்கு முன்னால், ஷார்ஜாவில் ஒரு பூங்காவில் நடந்த பொங்கல் விழாவில்தான் இவர்கள் இருவரும் முதலில் சந்தித்தார்கள். விஜயபாஸ்கர் துபாயில் ஒரு கட்டுமான கம்பெனியில் புராஜெக்ட் மேனேஜர். பெரிய பொறியியல் கல்லூரியில் படித்தவர். கார்மேகம் வெள்ளாறு பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து, ராஸ் அல் கைமாவில் ஒரு டைல்ஸ் தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பார்ப்பவர். இரண்டு பேருமே கல்லூரி நாளில் வாலிபால் ஆடியவர்கள். பேச்சுப் பேச்சாக இருக்கும்போதே லீக் பிறந்துவிட்டது. நான்கு பொறியியல் கல்லூரிகள், ஒரு கலைக் கல்லூரி, ஒரு பாலிடெக்னிக். ஒவ்வொன்றிலும் படித்துவிட்டு எமிரேட்ஸில் வேலை பார்ப்பவர்கள் சேர்ந்து ஓர் அணி. விஜயபாஸ்கர் செயலாளர், கார்மேகம் இணைச் செயலாளர்.

மைதானம் கார்மேகம் கொடுத்தது. தொழிலாளர்கள் தங்குகிற கேம்ப்புக்குப் பின்னால் பஸ் நிறுத்துகிற மண் தரை. கேம்ப் பாஸிடம் நாலு மாதம் நடையாக நடந்து அனுமதி வாங்கினார். பழைய லாரி டயரில் கான்கிரீட் கொட்டி வலைக்குக் கம்பம் நட்டார். வர்ணனைக்குச் சுகிர்தன் கிடைத்தான். யாழ்ப்பாணத்துப் பையன், தேராவில் ஒரு கார்கோ ஆபீசில் கிளார்க். அவன் பேச்சைக் கேட்கவே ஆட்டம் பார்த்தவர்கள் உண்டு. முதல் வருடம் யூடியூபில் நூறு பேர் பார்த்தார்கள். போன வருட இறுதிப் போட்டியை அறுபதாயிரம் பேர் பார்த்தார்கள்.

அந்த இறுதிப் போட்டியில் விஜயபாஸ்கரின் கல்லூரியை வெள்ளாறு பாலிடெக்னிக் ஐந்தாவது செட்டில் தோற்கடித்தது. அதற்குக் காரணம் அன்பரசன். இருபத்தாறு வயது. தொழிற்சாலையில் சூளைப் பிரிவில் வேலை. எட்டு மணி நேரம் சூட்டில் நின்றுவிட்டு வந்து, அவன் எம்பி அடிக்கிற பந்து எதிரணியில் இரண்டு பேர் கை தூக்கித் தடுத்தாலும் நிற்காது. பாலிடெக்னிக்கில் கார்மேகத்துக்குப் பதினான்கு வருடம் ஜூனியர். அவனை இந்தக் கம்பெனிக்குக் கூப்பிட்டு வந்ததே கார்மேகம்தான்.

அக்டோபர் கடைசியில் புதிய சீசனுக்கான பட்டியல் வாட்ஸ்அப்பில் வந்தது. எட்டு அணிகள். எட்டும் பொறியியல் கல்லூரிகள். பழைய நாலோடு புதிதாக நாலு சேர்ந்திருந்தது. கலைக் கல்லூரி இல்லை. வெள்ளாறு பாலிடெக்னிக்கும் இல்லை.

அச்சுப் பிழை என்றுதான் கார்மேகம் முதலில் நினைத்தார். விஜயபாஸ்கருக்குப் போன் செய்தார். மூன்றாவது தடவைதான் எடுத்தார். ஏழாவது பிரிவில் இருக்கிறதே, ஒவ்வொரு சீசனுக்கும் அணிகளை மாற்றி அமைக்கக் கமிட்டிக்கு அதிகாரம் உண்டு என்று, நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே என்று அவர் பொறுமையாக விளக்கினார். கமிட்டி ஆன்லைனில் கூடியது, புதன்கிழமை காலை பத்து மணிக்கு. ஈமெயில் அனுப்பியிருந்தோம். ஓட்டெடுப்பில் நாலுக்கு ஒன்று.

புதன்கிழமை காலை பத்து மணிக்குக் கார்மேகம் பிரஸ் மெஷினுக்கு அடியில் படுத்திருந்தார். போன் லாக்கரில் இருந்தது.

"நாங்கதானே சார் சாம்பியன்?" என்று கேட்டார்.

"ஒளிபரப்புக் கம்பெனி அதைப் பாக்கல கார்மேகம். ஒவ்வொரு காலேஜுக்கும் இங்க எத்தனை பேர் இருக்காங்க, அவங்கள்ல எத்தனை பேர் பணம் கட்டிப் பாப்பாங்கன்னு பாக்குறாங்க. எங்களுக்கு ஆறாயிரம் பேர். உங்களுக்கு முந்நூறு இருந்தா அதிகம். நான் எவ்வளவோ பேசிப் பாத்தேன்."

பேசிப் பார்த்தாரா என்பது கார்மேகத்துக்குக் கடைசிவரை தெரியவில்லை. அன்று மாலை லீக்கின் யூடியூப் சேனலைத் திறந்தார். ஏழு வருடத்து ஆட்டங்களில் ஒன்றுகூட இல்லை. எல்லா ஒளிபரப்பு உரிமையும் நிறுவனத்துக்கு என்பது ஒப்பந்தத்தில் இருந்ததாம். சேனலின் பாஸ்வேர்டை நிறுவனத்துக்கு மெசேஜில் அனுப்பிவைத்ததும் கார்மேகம்தான்.

இரண்டு வாரம் கழித்து விஜயபாஸ்கர் நேரில் வந்தார். கார்மேகத்தின் அறையில் ஆறு கட்டில். கீழ்க் கட்டிலில் உட்கார்ந்து, கொடுத்த டீயைக் குடித்து முடித்தார். அப்புறம் அன்பரசனைப் பற்றிப் பேசினார். தன் கம்பெனியில் ஸ்டோர் சூப்பர்வைசர் வேலை இருக்கிறது, சூளையும் கிடையாது சூடும் கிடையாது, துபாயில் தங்கலாம். சீசனில் தங்கள் கல்லூரிக்கு ஆடினால் போதும்.

"அவன் உங்க காலேஜ்ல படிக்கலையே" என்றார் கார்மேகம்.

அதற்கும் வழி வைத்திருந்தார்கள். படித்த கல்லூரிக்காக ஆடுகிறவர்கள் என்றுதான் நிறுவனம் விளம்பரம் செய்கிறது, அதனால் விதி கடுமை. ஆனால் கல்லூரி நடத்துகிற ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தாலும் மாணவர்தான். தொழிற்சாலைப் பாதுகாப்பு பற்றி மூன்று நாள் வகுப்பு. முடித்தால் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால் முன்னாள் மாணவர் சங்கத்தில் உறுப்பினர்.

கார்மேகம் அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டார்.  முகத்துக்கு நேராக நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று பிறகு பல நாள் நினைத்துக்கொண்டார்.

அன்பரசன் இரண்டு நாள் அவர் கண்ணில் படாமல் இருந்தான். மூன்றாம் நாள் மெஸ்ஸில் எதிரே வந்து உட்கார்ந்தான். ஊரில் பெண் பார்த்திருக்கிறார்கள், மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்கிறார்கள், சூளை என்று சொல்ல அம்மா கூச்சப்படுகிறாள் என்றெல்லாம் சுற்றிச் சுற்றிச் சொன்னான்.

"நீங்க வேண்டாம்னா போகல அண்ணே."

வேண்டாம் என்று சொல்லக் கார்மேகத்துக்கு வாய் வரை வந்தது. இங்கே இருந்து எந்தப் போட்டியில் ஆடப் போகிறான்? லீக்கிலேயே இல்லாத ஓர் அணிக்காக இவனைச் சூளையில் நிறுத்திவைப்பதா?

"போடா. நல்லா ஆடு. காலைப் பாத்துக்க" என்றார்.

டிசம்பரில் முதல் ஆட்டம். துபாயில் குளிர்சாதன அரங்கம், மரத் தரை. கார்மேகம் டிக்கெட் வாங்கி மேல் வரிசையில் உட்கார்ந்தார். அணிக்காரர்களில் வேறு யாரும் வரமாட்டேன் என்றுவிட்டார்கள். கீழே நீல ஜெர்சியில் அன்பரசன் நின்றான். முதல் செட்டில் கொஞ்சம் தடுமாறினான். மரத் தரையில் அவன் ஆடியதில்லை. இரண்டாவது செட்டிலிருந்து அரங்கமே அவன் பேரைச் சொல்லிக் கத்தியது. தன்னை அறியாமல் கார்மேகமும் இரண்டு தடவை எழுந்து நின்றுவிட்டார்.

ஆட்டம் முடிந்து சிறந்த ஆட்டக்காரர் பரிசு. சுகிர்தன் மைக்கோடு வந்தான். இப்போது கோட் போட்டிருந்தான். கையில் ஓர் அட்டை. அதைப் பார்த்துப் பார்த்துக் கேட்டான். பெரிய திரையில் அன்பரசனின் முகம் வந்தது.

"படித்த கல்லூரிக்காக மறுபடியும் விளையாடுவது எப்படி இருக்கிறது? எந்த வருடம் முடித்தீர்கள்?"

அன்பரசன் மைக்கைப் பார்த்தான். பிறகு சுகிர்தனைப் பார்த்தான். சுகிர்தன் அட்டையை விட்டுக் கண் எடுக்கவில்லை.

"ரெண்டாயிரத்துப் பதினெட்டு பேட்ச்" என்றான் அன்பரசன். "பெருமையா இருக்குங்க."

கை தட்டினார்கள். கார்மேகம் படியிறங்கி வெளியே வந்துவிட்டார். கார் நிறுத்தும் இடத்தில் சுகிர்தன் பின்னாலேயே ஓடி வந்தான்.

"அண்ணை, கோவிக்காதையுங்கோ. கம்பெனிக்காரர்தான் கேள்வியை அட்டையில எழுதித் தந்தவை. நான் வேற ஏதும் கேட்டா அடுத்த கிழமை வேற ஆளைக் கூப்பிடுவினம்."

கோபம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுக் கார்மேகம் பஸ்ஸுக்கு நடந்தார். அன்பரசன் வருவானோ என்று பஸ் கிளம்பும்வரை நிறுத்தத்திலேயே நின்றார். அவன் வரவில்லை.

அறைக்கு வந்து சேர்வதற்குள் அந்தப் பேட்டி அரை நிமிட வீடியோவாகப் பாலிடெக்னிக் குரூப்புக்கு வந்திருந்தது. முந்நூறு பேர் உள்ள குரூப். கார்மேகம்தான் அட்மின். சவூதியில் ஜுபைலில் இருந்து, குவைத்தில் இருந்தெல்லாம் திட்டி எழுதினார்கள். சோறு போட்ட பாலிடெக்னிக்கை விற்றுவிட்டான் என்றார்கள். அவனை நீக்கு என்று ஒருவர் எழுத, அடியில் வரிசையாக ஆமோதிப்பு. மறுநாள் யாரோ ஓட்டெடுப்பு வைத்தார்கள். நூற்றுப் பன்னிரண்டு பேர் நீக்கச் சொன்னார்கள். வேண்டாம் என்றவர்கள் ஒன்பது பேர்.

அந்த ஒன்பதில் கார்மேகம் இல்லை. அவர் ஓட்டே போடவில்லை. மதிய இடைவேளையில் டிபன் பாக்ஸை மூடிவைத்துவிட்டு, அன்பரசனின் பெயரைத் தொட்டு, நீக்கு என்பதை அழுத்தினார். அந்த நேரத்தில் அவனும் டூட்டியில்தான் இருந்திருப்பான். கை கழுவும்போதுதான் அது உறைத்தது. அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பட்டியல் வந்த அன்று தனக்கு எப்படி இருந்ததோ அப்படித்தான் அவனுக்கும் இருந்திருக்கும். ஆனாலும் திரும்பச் சேர்க்கவில்லை. முந்நூறு பேருக்கு யார் பதில் சொல்வது?

அன்று சாயங்காலம் அன்பரசனிடமிருந்து இரண்டு தடவை போன் வந்தது. கார்மேகம் எடுக்கவில்லை. அதற்குப் பிறகு வரவும் இல்லை.

சீசன் மார்ச்சில் முடிந்தது. விஜயபாஸ்கரின் கல்லூரி கோப்பையை வாங்கியது. ஜூனில் நிறுவனம் ஓர் அறிவிப்பு விட்டது. எதிர்பார்த்த அளவு யாரும் பணம் கட்டிப் பார்க்கவில்லையாம். இனி கிரிக்கெட் மட்டும்தான் என்றது. குளிர்சாதன அரங்கம் போனது. புதிதாகச் சேர்ந்த நாலு கல்லூரிகளும் கழன்றுகொண்டன.

ஆகஸ்டில் விஜயபாஸ்கர் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை பேரீச்சம்பழப் பெட்டி ஒன்று கொண்டுவந்திருந்தார். நடந்தது நடந்துவிட்டது, பழையபடி ஆறு அணிகளோடு ஆரம்பிக்கலாம், உங்கள் மைதானத்திலேயே வைத்துக்கொள்வோம் என்றார்.

கார்மேகம் அவரைப் பின்பக்கம் அழைத்துப்போனார். மண் தரையில் பன்னிரண்டு பஸ்கள் நெருக்கியடித்து நின்றன. ஆட்டம் இல்லாத இடத்தை எதற்குச் சும்மா விடவேண்டும் என்று கேம்ப் பாஸ் ஜனவரியிலேயே எடுத்துக்கொண்டார். டயர் கம்பங்களையும் கிரேன் வைத்துத் தூக்கிக் குப்பையில் போட்டாயிற்று.

"வேற இடம் பாப்போம்" என்றார் விஜயபாஸ்கர். "பழைய பேருக்கு இன்னும் மதிப்பு இருக்கு."

"பேரு யார்கிட்ட சார் இருக்கு?"

 லீக்கின் பெயரும் பழைய ஆட்டங்களும் ஐந்து வருடத்துக்கு நிறுவனத்திடம் இருக்கும். கிரிக்கெட்டுக்குப் போனாலும் அவர்கள் திருப்பித் தரமாட்டார்கள். போன நவம்பரில் கலைக் கல்லூரியோடு ஆடிய ஓர் ஆட்டத்தைக் கார்மேகம் பழைய பெயரிலேயே போனிலிருந்து நேரலையாகக் காட்டியபோது, இருபது நிமிடத்தில் நிறுத்திவிட்டார்கள்.

அன்பரசன் எப்படி இருக்கிறான் என்று கார்மேகம் கேட்டார். விஜயபாஸ்கர் கார் சாவியைக் கையில் சுழற்றிக்கொண்டே, அவன் ஏப்ரலிலேயே ஊருக்குப் போய்விட்டான் என்றார். கம்பெனியில் ஆள் குறைத்தார்கள், விசாவைக் கேன்சல் செய்ய வேண்டியதாகிவிட்டது, தன் கையில் ஒன்றும் இல்லை. உங்களிடம் சொல்லியிருப்பானே என்று நினைத்தேன் என்றார்.

அவர் போனபின் கார்மேகம் ஊர் நம்பருக்குப் போன் செய்தார். அன்பரசன் இரண்டாவது மணியிலேயே எடுத்தான். குரலில் வருத்தமோ கோபமோ தெரியவில்லை. கல்யாணம் தள்ளிப்போயிருக்கிறது, புதுக்கோட்டையில் ஒரு டைல்ஸ் கடையில் லோடு இறக்குகிறேன் என்றான். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள், சர்க்கரை மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று விசாரித்தான். குரூப்பைப் பற்றி அவனும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

சூளைப் பிரிவில் ஆள் எடுக்கிறார்கள், ஹெச்.ஆரிடம் பேசுகிறேன், திரும்ப வந்துவிடு என்றார் கார்மேகம். மறுபடியும் ஆடலாம் என்றும் சொல்லிவிட்டார். ஏன் சொன்னோம் என்று அவருக்கே தெரியவில்லை.

 மறுமுனையில் லாரி ஒன்று ரிவர்ஸ் எடுக்கிற ஓசை கேட்டது.

"எந்த காலேஜுக்கு அண்ணே?" என்றான் அன்பரசன்.

குத்தலாக அவன் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். லோடு வந்திருக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டான். கார்மேகம் அடுத்த நாள் ஹெச்.ஆர். அலுவலகத்துக்குப் போய் அவன் பெயரை எழுதிக் கொடுத்தார். சூளைக்கு இந்த வருடம் நேபாளத்திலிருந்துதான் ஆள் எடுக்கிறோம் என்று சொல்லி, அந்தத் தாளை மேஜை மேல் வைத்துக்கொண்டார்கள்.