மூன்றாவது ஸ்பீக்கர்

திருச்சுழியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் தனுஷ்கோடி அண்ணாச்சிக்குத் தெரியாத விஷயமே கிடையாது. கம்ப்யூட்டரில் பாட்டுக் கேட்கவில்லை என்று மூன்று ஸ்பீக்கர் மாற்றிப் பார்த்திருக்கிறார். கடைசியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் என்னை அருப்புக்கோட்டையிலிருந்து பஸ் ஏற வைத்துவிட்டு, "நாலாவது ஒண்ணு வாங்கிருவமா தம்பி?" என்று எனக்கே யோசனை சொன்னார்.

பிரவுசரில் பாட்டு ஓடிய டேப்பின் தலையிலேயே, குறுக்குக்கோடு போட்ட ஸ்பீக்கர் படம் பல்லிளித்துக்கொண்டிருந்தது.

"இதை யாரு அண்ணாச்சி மியூட் பண்ணது?"

"நாந்தேன். எதுத்த வீட்டுல ஒரு சாவு. அன்னைக்குப் பாட்டுப் போடலாமா? அதேன் அமுக்குனேன்."

மவுஸை இரண்டு தட்டு தட்டினேன். நாதஸ்வரம் கடையை அதிர வைத்தது.

"அந்த வீட்டுல கருமாதி முடிஞ்சிருச்சா?"

"அதெல்லாம் போன மாசமே முடிஞ்சு, பந்தலையும் பிரிச்சாச்சே."

"உங்க கம்ப்யூட்டருக்கு யாரும் சொல்லலை போல" என்று பையை எடுத்துக்கொண்டேன்.