சமாதானம் ஆன டப்பா

தட்டு அக்காவின் வாய் சும்மா இருக்காது. தொழிற்சாலையில் அவளுக்கு வேலை, டப்பா தட்டுவது. பட்டாணி அடைத்து, மூடி, வேகவைத்து, ஆறவைத்த டப்பாக்கள் மேசைக்கு வரும். இரும்புக் குச்சியால் மூடியில் ஒரு தட்டு. கணீரென்றால் நல்லது, பொத்தென்றால் கோளாறு. காது வேலையில் இருக்கும்போதே வாய் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும்.

சில டப்பாக்களில் மூடி லேசாக மேடிட்டிருக்கும். கட்டைவிரலால் அமுக்கினால் 'டொக்'கென்று உள்ளே போய், ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி உட்கார்ந்துகொள்ளும். உள்ளே இருப்பது கெட்டுக் காற்று சேர்கிறது என்று அர்த்தம். பழைய ஆட்கள் அதற்கு வைத்த பெயர் துள்ளி. துள்ளி என்று சொல்லிவிட்டால் மறுபேச்சு கிடையாது, நேரே கழிவுக் குழிதான்.

அந்தப் பெயரை ஒழித்துக்கட்டியவள் இவள். அண்ணி என்று அவள் கூப்பிடும் மூத்த நாத்தனாரோடு பேச்சுவார்த்தை நின்றுபோய், ஒருவழியாக ராசியான மறுநாள் ஒரு துள்ளி வந்தது. அதை அமுக்கிவிட்டு, "எங்க அண்ணி மாதிரியே மூஞ்சியத் தூக்கி வச்சிருந்துச்சு. இப்பப் பாருங்கடி, சமாதானம் ஆயிடுச்சு" என்றாள். மேசையே விழுந்து விழுந்து சிரித்தது.

சாயங்காலத்துக்குள் அந்தச் சொல் கிடங்குவரை போய்விட்டது. முதலில் வெறும் கேலிதான். "அந்தச் சமாதானத்தைக் குழியில போடு" என்பார்கள். அப்புறம் "சமாதானமா, சண்டையா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அமுங்காமல் முரண்டு பிடித்தால் சண்டை, அது குழிக்கு. அமுங்கியது சமாதானம். சமாதானமாகிவிட்டதை யாராவது வெளியே தள்ளுவார்களா? நல்லதோடு நல்லதாகப் பெட்டியில் அடுக்கினார்கள். கழிவு குறைந்ததில் சூப்பர்வைசருக்கு வாயெல்லாம் பல். தட்டு அக்காவுக்கு உறுத்தத்தான் செய்தது. ஆனாலும் தான் பெற்ற சொல் இத்தனை பேர் நாக்கில் ஓடியாடுவதைப் பார்க்கிற பெருமை அந்த உறுத்தலை அடக்கிவிட்டது. அவளும்தான் அமுக்கினாள்.

நாத்தனாரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகக் கணவன் போன் செய்தபோது, ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் ஓடினாள். நாத்தனாருக்கு இமைகள் பாதி தொங்கிக் கிடந்தன. நாக்கு குழறியது. கொடுத்த தண்ணீர் கடைவாயில் வழிந்தது.

"என்ன சாப்பிட்டாங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"வீட்டுச் சாப்பாடுதான். அப்புறம் ஒரு டப்பாப் பட்டாணி" என்றான் கணவன்.

டப்பா என்றதும் நாத்தனார் தலையை ஆட்டினாள். சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்கியது. "டப்பால ஒண்ணும் இல்ல. மூடி தட்டையா இருந்துச்சு, பாத்துத்தான் வாங்கினேன். எந்தம்பி பொண்டாட்டி தட்டி அனுப்புறது. கடையில அதையேதான் கேட்டு வாங்குவேன்."

"மூளையில ஏதாவது அடைப்பு இருக்கலாம். முதல்ல ஸ்கேன் எடுத்துருங்க" என்று டாக்டரம்மா நர்ஸிடம் சொன்னார். தள்ளுவண்டி வாசல் பக்கம் திரும்பியது.

மூடி தட்டையாக இருந்ததன் காரணம் தட்டு அக்காவுக்குத் தெரியும். சொன்னால் வேலை போகும். அவளோடு மேசையில் நிற்கிறவர்கள் பிழைப்பிலும் மண் விழும், கணவன் முகத்தில் இனி விழிக்க முடியாது. சொல்லாவிட்டால் அண்ணியே போய்விடுவாள்.

"டாக்டர், நில்லுங்க" என்றாள். "தட்டையா இருந்தா நல்ல டப்பான்னு அர்த்தம் இல்ல. உப்பினதை நாங்க அமுக்கி அனுப்புறோம்."

"அமுக்கியா? யாரு?"

"இது யாரு விரல்னு தெரியாது. என்னோடதாவும் இருக்கலாம். அமுக்கினா தப்பில்லன்னு எல்லாரையும் நினைக்க வச்சது நான்தான்."

கணவன் சுவரைப் பார்த்தபடி நின்றான். நாத்தனாரால் கண்ணைத் திறந்து அவளைப் பார்க்க முடியவில்லை. ஆனால் காது கேட்டது. டாக்டரம்மா வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு, நஞ்சு முறிக்கும் மருந்துக்குப் போன் போட்டார்.

நாத்தனார் பிழைத்தாள். தொண்டையில் குழாயோடு கிடந்து, மெல்ல மெல்லத்தான் தேறினாள். முதல் பேச்சாகத் தம்பியிடம் சொன்னது, "அவளைத் திட்டாதே." வாய்க்கு வந்தபடி ஏசியிருந்தால் தேவலை என்று தட்டு அக்கா மனசுக்குள் அழுதாள்.

கடைக்குப் போன சரக்கெல்லாம் திரும்பி வந்தது. வேலை போகவில்லை, அவளை அனுப்பினால் தன் தலையும் உருளும் என்று சூப்பர்வைசருக்குத் தெரியும். சமாதானம் என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்கக் கூடாது என்று சுவரில் ஒட்டினார்கள். யாரும் எடுக்கவில்லை.

கொஞ்ச நாள் போயிருக்கும். பக்கத்து மேசையில் 'டொக்'கென்று கேட்டது.

"அனுசரிச்சுப் போயிடுச்சுக்கா!" என்றாள் புதிதாகச் சேர்ந்த ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். பொருத்தமான பெயர்தான். தட்டு அக்காவுக்கே உதட்டோரம் சிரிப்பு எட்டிப் பார்த்துவிட்டது. அது வந்த வேகத்தில் அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

எழுந்துபோய் அந்த டப்பாவைப் பெட்டியிலிருந்து எடுத்துப் புதியவள் முன்னால் வைத்தாள்.

"இதை யாருடி சாப்பிடப் போறா?"

"எனக்கு எப்படிக்கா தெரியும்?"

"எனக்கும் தெரியாமத்தான் இருந்துச்சு."